பாலத்தின் மேல் இரண்டு சூரியன்

என் சைக்கிள் விளக்கைப் பார்த்து ஒரு சேவல் கூவியது உண்மை. அந்தச் சேவல் முட்டையிட்டது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது வீண் வதந்தி. முட்டையிட்டது பக்கத்தில் இருந்த கோழி. அதுவும் ஒரே நாளில் இரண்டுதான். விடிந்தது என்று நினைத்து ஒன்று, உண்மையாகவே விடிந்ததும் இன்னொன்று.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நாற்பத்தோரு வருடமாக அதே சக்கரம், அதே முக்காலி. சாயங்காலம் ஏழரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்புவேன். வழியில் ஒரு வாய்க்கால். அதன் மேல் ஓர் ஒல்லிப் பாலம். எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் இரண்டு பேரும் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். பாலத்தில் விளக்குக் கம்பம் உண்டு. கம்பம் மட்டும் உண்டு.

ஒருநாள் பாலத்துக்கு முந்தைய ரோட்டில், இருட்டில் பின்னால் வந்த ரொட்டி வேன், என் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையைத் தன் பக்கக் கண்ணாடியில் கொக்கி போட்டுக் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும், தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி காலை நிறுத்தினாள்.

"ஏங்க, இருட்டுல நீங்க வர்றது எமனுக்கே தெரியாது."

"தெரியலன்னா நல்லதுதானே?"

"வேன்காரனுக்குத் தெரியணும்ல! நாளைக்கே ஒரு லைட்டு வாங்கி மாட்டுங்க. இல்லன்னா நடந்தே வாங்க."

வாங்கினேன். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரியும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. மாட்டிப் பார்த்தேன். தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் லென்ஸ் தேய்க்கிறவன் கையில் ஒரு வெளிச்சம் கிடைத்தால் அதைச் சும்மா விடமாட்டான். தாமரை இலை மாதிரி பரந்து விழுந்த வெளிச்சத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் கிடந்த பன்னிரண்டு பவர் லென்ஸ் ஒன்றைத் தேய்த்து விளக்கின் முகத்தில் பொருத்தினேன்.

முதல் நாளே வாய்க்கால் தவளைகள் பாடுவதை நிறுத்திவிட்டன. கரையோரத்து வீட்டில் ஒரு பெரியவர் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். வௌவால்கள் இரண்டு நேராகப் போய்க் கம்பத்தில் மோதிக்கொண்டன. எனக்குப் பரம திருப்தி.

நாலாம் நாள், பாலத்தின் மறுமுனையில் இன்னொரு சூரியன் உதித்தது.

எதிரே ஒருவன் சைக்கிளில் வருகிறான். ஆள் தெரியவில்லை, சைக்கிள் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பிழம்பு மட்டும் ஆடி ஆடி வருகிறது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. என் விளக்கு அவனுக்கு என்ன செய்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியுமா?

"கண்ணவிஞ்ச கழுத! லைட்டைக் கீழ எறக்குடா!" என்று கத்தினேன்.

பாலத்தடி மதகுத் தண்ணீரின் இரைச்சலில் குரலின் சாயலெல்லாம் கரைந்துபோய் வார்த்தை மட்டும்தான் வந்து சேரும். அவன் பதிலுக்கு, "போடா தீவட்டி!" என்றான்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். ஏழே முக்காலுக்குக் கழுதையும் தீவட்டியும் உரசிக்கொண்டு கடப்போம். வீட்டுக்குப் போனால் சோற்றில் வெள்ளை வட்டம், சுவரில் வெள்ளை வட்டம், மனைவியின் முகத்தில் வெள்ளை வட்டம்.

"ஏன் என்னை இப்படி முழிச்சு முழிச்சு பாக்குறீங்க?"

"மூக்கைத் தேடறேன்."

இதற்கு நடுவில்தான் மகளின் கல்யாணம். அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மாப்பிள்ளை அந்த எக்ஸ்ரே மிஷினைப் பழுதுபார்க்க வருபவர். மிஷின் வாரத்துக்கு ஒருமுறை பழுதானபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை தங்கம். அவருடைய அப்பாதான் தகராறு. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்கக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவர் மனமும் இறுகிப்போயிருந்தது. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்றார். கீழேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்றேன். "அப்போ என்னை மேல போகச் சொல்றீங்களா?" என்று எழுந்துவிட்டார். இரண்டாம் தடவை நாங்கள் போனோம். அவருடைய மூக்குக்கண்ணாடி கோணலாக இருந்தது. தொழில் பழக்கத்தில் கையை நீட்டி நிமிர்த்திவிட்டேன். பிறகும் கோணலாகவே இருந்தது. "அப்படின்னா கண்ணாடில கோளாறு இல்ல, காதுலதான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மறுநாள் மகள் வந்து என் முக்காலிக்கு எதிரே நின்றாள்.

"அப்பா, இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. மூணாவது தடவை சண்டை வந்தா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு மாமா சொல்லிட்டாராம். அவரு சொன்னா சொன்னதுதானாம். உங்க வாயைக் கொஞ்சம் தச்சு வச்சுக்கிறீங்களா?"

"உங்கம்மாகிட்ட நூல் இருக்கு."

"விளையாடாதீங்கப்பா. எனக்கு அவரைத் தவிர வேற யாரும் வேண்டாம்."

சொல்லும்போது அவள் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் என் கையில் இருந்த லென்ஸை வாங்கி, துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று மூன்று லென்ஸைத் தப்பாகத் தேய்த்தேன்.

நாலு நாள் கழித்துச் சம்பந்தியே கடைக்கு வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"சம்பந்தி, கண்ணுல ஏதாவது கோளாறான்னு பாக்கணும். எதைப் பாத்தாலும் வெள்ளையா வட்டம் தெரியுது."

"உங்களுக்குமா?"

"வேலை முடிஞ்சு பாலத்து வழியாத்தான் வருவேன். எதிர்ல ஒரு சனியன் வருது சம்பந்தி. சைக்கிள்ல ரயில் எஞ்சின் லைட்டை மாட்டிக்கிட்டு!"

முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "எனக்கும் ஒருத்தன் வர்றான்! வாயும் மோசம். என்னைத் தீவட்டின்னு சொல்றான்."

"என்னைக் கழுதங்கிறான் சம்பந்தி!"

இந்த ஊரில் இத்தனை மரியாதை கெட்டவர்கள் ஒரே பாலத்தில் சேர்ந்துவிட்டார்களே என்று இரண்டு பேரும் வருத்தப்பட்டோம். அவர் அவனுடைய காலை உடைப்பதாகச் சொன்னார். கையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மின்விசிறியும் காதும் மறந்தே போயின. பொதுவான ஒரு விரோதி கிடைத்தால் சம்பந்திகள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். மகள் கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

போகும்போது, சின்ன எழுத்துப் படிக்கக் கனமான லென்ஸ் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். கழிவு டப்பாவில் கையை விட்டேன். பதினாலு பவர் ஒன்று கிடந்தது. சக்கரத்தில் கை நழுவி, விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பிறை மாதிரி தெறித்துப்போன லென்ஸ். "படிக்கத்தானே, இது போதும்" என்று கொடுத்தேன். அவரும் படிக்கத்தான் என்று தலையாட்டினார்.

மறுநாள் பாலத்தில் எதிரி இரண்டு மடங்கு பிரகாசமாக வந்தான்.

நானும் விடவில்லை. இன்னொரு லென்ஸைச் சேர்த்தேன். அந்த வெளிச்சத்தில் வாய்க்கால் தண்ணீர் லேசாக ஆவி விட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. ஆனால் பல் தேய்க்கும் பெரியவர் அன்று குளித்தே விட்டார்.

அப்புறம் நான் செய்ததை வேறு தொழிலில் இருப்பவன் எவனும் செய்திருக்கமாட்டான். கூசுகிற கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்பது எங்கள் கடையின் வேதவாக்கு. நல்ல அடர்கறுப்பில் இரண்டு ஜோடி செய்தேன். ஒன்று எனக்கு, ஒன்று சம்பந்திக்கு. அவர் வந்து வாங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் போய்க் கை கழுவி, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் ரோடு தெரியாது என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. முதல் நாள் ஒரு தள்ளுவண்டியை மோதினேன். நிறுத்திவைத்திருந்த வண்டி என்பதால் அது ஒன்றும் திட்டவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். வழக்கமான வெள்ளை வட்டம். ஆனால் இதுவரை கண்ணெல்லாம் பரவிக் கலங்கலாக இருந்தது, கறுப்புக் கண்ணாடியின் புண்ணியத்தில் அன்று விளிம்பு சுத்தமாகத் தெரிந்தது. கடிகாரத்தில் ஐந்து மணி இருக்கும் இடத்தில், வட்டத்தில் ஒரு சின்னக் கடி. பிறை மாதிரி. நகக்கண் அளவு.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் கை தெறிக்கவைத்த லென்ஸ் எனக்குத் தெரியாதா?

"என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. சம்பந்தி வந்திருந்தாரு."

"எங்க?"

"கூரையில."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. எதிரியின் காலை உடைப்பேன் என்று சம்பந்தி சொன்னபோது நானும் ஒத்து ஊதியிருக்கிறேன். கையையும் சேர்த்திருக்கிறேன். தினமும் அவரைக் கழுதை என்று கூப்பிட்டிருக்கிறேன். தெரிந்தால் அதுதான் மூன்றாவது சண்டை. என் மகள் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வாய்க்கால் நுணல்களுக்காவது வாயை மூடத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் யார் கதவைத் திறந்தாலும் முக்காலியிலிருந்து எழுந்துவிடுவேன். சாப்பிடும்போது நடந்தேன். பாலத்து வழியே வேண்டாம் என்று ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். அது நாற்பது நிமிடம் கூடுதல். அங்கே கேட் போட்டால் ரயில் எப்போது வரும் என்று ரயிலுக்கே தெரியாது. இருட்டில் நின்றுகொண்டு நாளை எண்ணுவேன். பதினெட்டு. பதினேழு. பதினாறு.

பதினைந்து நாள் மிச்சமிருந்தபோது சம்பந்தி கடைக்குள் நுழைந்தார். எழுந்தேன்.

"சம்பந்தி, அவனைக் காணோம்!"

"யாரை?"

"அந்தச் சனியனை. நாலு நாளாச்சு. நிம்மதியா இருக்கும்னு பாத்தா, தூக்கம் வரமாட்டேங்குது. பாலத்துல ஏறும்போதே நெஞ்சு படபடங்குது."

"போனான்னு விட்டுத் தள்ளுங்க."

"அது எப்படி? ஒழிஞ்சானா இல்லையான்னு தெரியணும்ல? வர்ற சனிக்கிழமை நீங்களும் நானும் பாலத்துல போய் நிப்போம். ஆளுக்கொரு முனை. வந்தான்னா ரெண்டு பக்கமும் லைட்டை அடிச்சு மடக்கிடுவோம்."

மறுத்தால் ஏன் என்று கேட்பார். ஆகவே, என்னைப் பிடிக்கப் போவதற்கு நானே ஒத்துக்கொண்டேன். ஒரு விதத்தில் வசதிதான். நான் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் நான் வரமுடியாது.

சனிக்கிழமை, கல்யாணத்துக்குப் பத்து நாள். என் விளக்கிலிருந்து இரண்டு லென்ஸையும் கழற்றி சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். சம்பந்தி ஏற்கெனவே வந்து நின்றார். அவர் சைக்கிளின் முன்னால் கார் விளக்கு, அதன் முகத்தில் என் லென்ஸ், ஐந்து மணியில் பிறை. நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் என் விளக்கைப் பார்த்தார். "இது பத்தாது சம்பந்தி. ஏதாவது லென்ஸ் கிஸ் இருந்தா மாட்டுங்களேன்."

"என்கிட்ட ஏது?"

"டப்பா கிப்பாவுல ஏதாவது கெடக்கும். பாருங்க."

பார்த்தேன். கிடந்தது. மாட்டினேன்.

ஆளுக்கொரு முனையில் விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றோம். எதுவும் தெரியவில்லை. மதகுத் தண்ணீர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அரைமணி நேரம் நின்றுவிட்டு, அவன் ஊரை விட்டே ஓடிவிட்டான் என்று சொல்லி முடித்துவிடலாம். அதற்குள் இந்த மனுஷனுக்கு எதுவும் தோன்றாமல் இருக்க வேண்டும்.

அப்போது பாலத்தின் பலகைச் சத்தம் கேட்டது. என்னைத் தாண்டி, விளக்கில்லாமல், வேகமாக, ஒரு சைக்கிள் ஏறுகிறது.

வரவே முடியாத ஒருவன் வந்துவிட்டான் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பேயே வந்த மாதிரி இருந்தது. "சம்பந்தி!" என்று அலறினேன். இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. தூரத்தில் சேவல் கூவியது. பெரியவர் வீட்டுக் கதவு திறந்தது. பாலத்தின் நடுவில் ஓர் உருவம் கண்ணைக் கையால் மறைத்தது. சைக்கிள் ஒருபக்கமாகத் திரும்பியது. அப்புறம் பாலத்தின் மேல் யாரும் இல்லை. கீழே தொபீர் என்று சத்தம்.

"லைட்டை அணைங்கப்பா!"

மதகு இரைச்சலையும் மீறி, என் மகளின் குரல்.

கறுப்புக் கண்ணாடியை எங்கே எறிந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அறுபத்தெட்டு வயதில் நான் கரையில் இறங்கிய வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இதில் மட்டும் பொய் இல்லை. எனக்கு முன்னால் சம்பந்தி தண்ணீரில் நின்றார். முழங்காலளவு தண்ணீர். என் மகள் அம்மாவின் சைக்கிளைக் காலால் தள்ளிக்கொண்டு, இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடி பட்டுச்சாம்மா?" என்று இரண்டு பேரும் கேட்டோம்.

"மணிக்கட்டு. உடைஞ்சிருக்கும், இல்ல கீறல் விட்டிருக்கும். எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்." அடிபட்டு உட்கார்ந்திருந்தாலும் அவள் எக்ஸ்ரேக்காரிதான். "இந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கைப்பிடியே இல்லையே, யாருமே பாக்கலையா?"

நிமிர்ந்து பார்த்தோம். விளக்குகள் அணைந்த பிறகு, வானத்தின் சாதாரண வெளிச்சத்தில், பாலம் முழுதாகத் தெரிந்தது. நடுவில் பத்தடிக்குக் கைப்பிடியே இல்லை. எப்போது விழுந்ததோ. இரண்டு சூரியனை வைத்துக்கொண்டு தினமும் அதை உரசிக்கொண்டுதான் போயிருக்கிறோம்.

"நீ எதுக்கும்மா இங்க வந்த?" என்றேன்.

"ரெண்டு பேரும் யாரையோ அடிக்கப் போயிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. தடுக்கலாம்னு வந்தேன். யாரு அவன்?"

தண்ணீர் இரைந்தது. இனி இதில் மறைக்க என்ன இருக்கிறது? வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றேன்.

"நான்தாம்மா" என்றார் சம்பந்தி, அதே நேரத்தில்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஒம்போது நாளா."

"எனக்குப் பதினொரு நாளா. கடைக்குப் பின்னால கை கழுவப் போனேன்ல? உங்க சைக்கிள் சுவத்துல சாஞ்சுக்கிட்டு என்னையே முறைச்சுப் பாத்துச்சு."

"அதுக்கப்புறமும் ரெண்டு நாள் என் கண்ணுல அடிச்சீங்களே!"

"அது பழக்கம் சம்பந்தி."

"அப்போ ஏன் சொல்லல?"

"மூணாவது சண்டை வந்தா கல்யாணம் கிடையாதுன்னு நான்தானே சொல்லித் தொலைச்சேன்? சொன்ன சொல்லை எப்படி மாத்துறது? என் பையன் ஒரு வாரமா சோறே திங்கல. சரி, எவனும் வரலன்னு ஆயிட்டா ஒழிஞ்சான்னு முடிச்சிடலாம், நீங்களும் ரயில்வே கேட்டைச் சுத்தி சாகாம இருப்பீங்கன்னுதான் இந்த ஏற்பாடே."

"நானும் அதே கணக்குதான் போட்டேன்."

"முடிஞ்சுதா?" என்றாள் மகள். பற்கள் கிட்டித்துக் குளிரில் நடுங்கினாள். "மாமா, மூணாவது சண்டைதானே கூடாதுன்னீங்க? இது அது இல்ல. இது நான் போடுற முதல் சண்டை. ரெண்டு பேரும் லென்ஸைக் கழட்டிக் குடுங்க. இப்பவே. அப்புறம் என்னைத் தூக்குங்க."

மேலே ஏறிக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தோம். ஒற்றைக் கையால் வாங்கி வாய்க்காலில் போட்டாள். தூக்கினோம்.

எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். தன் கையைத் தானே படமெடுத்து, தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றாள். மாப்பிள்ளை அன்றைக்கு மிஷினைச் சரியாகவே வைத்திருந்தார்.

மறுநாள் மாவுக்கட்டுக் கையோடு வந்து எங்கள் இரண்டு சைக்கிளையும் ரோட்டில் நிறுத்தினாள். வெளிச்சம் நாலு முழம் தள்ளித் தரையில் விழ வேண்டும், எதிரே வருகிறவன் இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது. தானே குனிந்து நின்று, கண்ணாடிப் பெட்டியின் அட்டையை வெட்டி மேலே குல்லா மாதிரி வைத்தாள். கைப்பிடிக்கு நகராட்சியில் மனு கொடுத்தோம். அவர்கள் வருவதற்குள் சம்பந்தி பழைய மோட்டார் கம்பியை முறுக்கி அந்தப் பத்தடிக்கும் கட்டினார். நான் கழிவு டப்பாவிலிருந்த லென்ஸ்களுக்குப் பின்னால் வெள்ளித்தாள் ஒட்டி, கம்பி நெடுகத் தொங்கவிட்டேன். சின்ன வெளிச்சம் பட்டாலே அவை கண் சிமிட்டும்.

கல்யாணம் நடந்தது. படத்தில் மணப்பெண் கையில் மாவுக்கட்டு, இரண்டு அப்பன்கள் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி; என்னுடையது புதிதாகச் செய்தது. படக்காரன் பளிச்சென்று அடித்தபோது எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போதும் ஏழே முக்காலுக்குப் பாலத்தில் கடக்கிறோம். தவளைகள் பாடுகின்றன. சேவல் மட்டும் இன்னும் எங்களை நம்புவதில்லை. காலையில் நிஜமாகவே விடியும்போதும் ஒருமுறை பாலத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூவுகிறது.

"என்ன கழுத, சௌக்கியமா?" என்பேன்.

"வா தீவட்டி!" என்பார்.

விளக்கு தரையைப் பார்ப்பதால் அவருடைய முகம் தெரியாது. கால்தான் தெரியும். ஒரு வாரமாகக் கவனிக்கிறேன். இடது காலில் ஒரு செருப்பு, வலது காலில் வேறு செருப்பு. சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறேன்.

மூன்றாவது சண்டை இன்னும் பாக்கி இருக்கிறதே.